அரியலூர் படிவுப்பாறைகள்: பெயரீடும் வகைப்பாடும்

அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில், காவிரிப் படுகையின் மேற்கு ஓரத்தில் வெளித்தெரியும் கிரிடேசியஸ் காலப் படிவுகள். பெரும்பாலும் கடலில் படிந்தவை.

தொடக்கம். கே, கன்லிஃப் ஆகியோர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்டு களத்தை நேரில் ஆய்ந்து, 1862 அறிக்கையில் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று குழுமங்களை வகுத்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்காவின் புதைபடிவ நூல்கள் இப்பிரிவுக்கு வலுச்சேர்த்தன. அரியலூர்க் குழுமத்தின் உச்சிப்பகுதி பின்னாளில் நின்னியூர் எனத் தனியே பிரிந்து, அடுத்துவந்த பேலியோசீன் காலத்தில் சேர்ந்தது.

விதிமுறைகள். பழைய குழுமம் ஒவ்வொன்றிலும் களிமண், சுண்ணாம்புக்கல், மணற்கல் எனப் பலவும் கலந்திருந்தன. பாறையின் பெயரே காலத்தின் பெயராகவும் புழங்கியது. 1971இன் இந்தியப் பெயரீட்டு நெறிமுறையும் 1976இன் பன்னாட்டு வழிகாட்டியும் பாறைவகை, புதைபடிவம், காலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அலகுகள் வைத்தன. பாறைவகைப் பிரிவில் அடிப்படை அலகு 'அமைவு'. அதைக் களத்தில் பிரித்தறிந்து வரைபடத்தில் குறிக்க முடிய வேண்டும். மாதிரியிடம் சுட்டி, ஊர்ப்பெயர் சூட்ட வேண்டும். அமைவுக்குள் அடங்குவது உறுப்பு. அமைவுகள் சேர்ந்தது குழுமம்.

இன்றைய அமைவுகள். ஊட்டத்தூர்க் குழுமத்தின் காரை அமைவு களிமண் பாறை. மழைநீர் அரித்த ஓடைகளில் ஜிப்சம் கீற்றுகளும் தோட்டா வடிவ பெலம்னைட் புதைபடிவங்களும் சிதறிக் கிடக்கும். அரியலூர்க் குழுமத்தில் கீழிருந்து சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு அமைவுகள் உள்ளன. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் தடித்த சிப்பி ஓடுகள் நெருங்கிப் பதிந்திருக்கும். சிமென்ட் ஆலைகள் இதை வெட்டியெடுக்கின்றன. கல்லமேட்டு மணற்கல்லில் டைனோசர் எலும்புகள் கிடைத்துள்ளன.

பெயர் நிலைப்பு. டால்மியாபுரம் ரயில் நிலையத்துக்குக் கல்லக்குடி எனப் பெயரிடக் கோரி 1953இல் திமுக போராடியது. இன்று ஊர் கல்லக்குடி. அங்குள்ள சுண்ணாம்புக்கல் அமைவோ டால்மியாபுரம் என்றே வழங்குகிறது. ஊர்ப்பெயர் மாறினாலும் அலகின் பெயரை மாற்றத் தேவையில்லை என்பது விதி.

கருத்து வேறுபாடுகள். காரைக் களிமண்ணைத் தனி அமைவாகக் கொள்வதா, ஊட்டத்தூர் அமைவின் உறுப்பாகக் கொள்வதா என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர். ஊட்டத்தூர் என்ற பெயரே ஒருவரிடம் குழுமத்தையும் மற்றொருவரிடம் அமைவையும் குறிக்கும். எனவே, எந்தக் கட்டுரையைப் படித்தாலும் அது யாருடைய வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.