புள்ளி போடாத பாடம்: பேராதனையில் கூத்தாடிய பெடியள்

ஏஎல் முடிவு வரும்போதெல்லாம் வீடுகளில் ஒரு கணக்கு ஓடும். இசட் புள்ளி காணுமா, எந்தக் கம்பஸ், எவ்வளவு தூரம். இப்ப அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. நாலு வருஷம் விடுதியில் கிடப்பது என்னத்துக்கு? வெளிவாரியாகப் பதிந்தாலும் பட்டம் பட்டம்தானே, வேலைக்கும் போகலாம். இதைப் பகிடியாக எடுக்க ஏலாது. வீட்டில் கஷ்டம் இருக்கிற பிள்ளைக்கு இது நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்ல முதல், விடுதியோடு கட்டப்பட்ட ஒரு பல்கலைக்கழகம் எங்கட ஆக்களுக்கு என்ன செய்தது என்று ஒருக்கால் திரும்பிப் பார்க்கலாம். நான் சொல்ல வருவது பேராதனையைப் பற்றி. அதிலும் அங்கே நடந்த விரிவுரைகளைப் பற்றியல்ல, பின்னேரங்களைப் பற்றி.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அதற்கு முன்னரே, பல்கலைக்கழகம் எங்கே அமைய வேண்டும் என்று பல வருஷம் சண்டை நடந்திருந்தது. ஒரு பக்கம் கொழும்பிலேயே இருக்கட்டும் என்றது, மறுபக்கம் கண்டிப் பக்கம் போகவேண்டும் என்றது. வெளியில் இடத்துக்கான சண்டை மாதிரித் தெரிந்தாலும், உள்ளே இருந்தது வேறு கேள்வி. பல்கலைக்கழகம் என்பது காலையில் போய் பாடம் கேட்டுவிட்டு வீடு திரும்புகிற இடமா, சேர்ந்து வாழுகிற இடமா? ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர், அவர் மனதில் இருந்தது இரண்டாவது. 1952இல் கலைப்பீடம் பேராதனைக்கு ஏறியபோது விரிவுரை மண்டபங்களோடு விடுதிகளும் சேர்ந்தே எழும்பின. அருணாசலம், ஜயதிலக, இராமநாதன், சங்கமித்தா, அக்பர் என்று விடுதிகளின் பெயர்களை வாசித்தாலே, எந்தெந்தச் சமூகத்தையெல்லாம் ஒரு மலையடிவாரத்தில் கூட்ட நினைத்தார்கள் என்று விளங்கும்.

சும்மா புகழ்ந்துவிட்டுப் போகவும் முடியாது. ஜெனிங்ஸ் கட்டியது மேட்டுக்குடிக்கான இடம். பாடம் ஆங்கிலத்தில், சாப்பாட்டு மேசையில் ஆங்கில நடைமுறை. மட்டக்களப்பின் ஒரு கிராமத்துப் பெடியன் அங்கே போய் நின்றிருந்தால் எந்தக் கையில் முள்ளுக்கரண்டி பிடிப்பது என்ற யோசனையிலேயே முதலாம் தவணை முடிந்திருக்கும்.

அந்தப் பெடியன் வரத் தொடங்கியது பிறகுதான். 1940களின் நடுப்பகுதியில் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியும், ஊர்களில் முளைத்த மத்திய கல்லூரிகளும் ஒரு புதுத் தலைமுறையைத் தயார்படுத்தின. 1960 அளவில் கலைப்பீடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் படிக்க வழி திறந்தது. அதோடு பேராதனையின் முகம் மாறியது. விடுதியில் யாழ்ப்பாணத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் ஒன்றையொன்று பகிடி பண்ணிக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தன.

தமிழ்த்துறையில் நாடகம் அதற்கு முதலே இருந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதி மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அவருடைய 'நானாடகம்' 1940இல் புத்தகமாக வந்தது. வீட்டில் பேசுகிற மொழியை மேடைக்குக் கொண்டுபோகலாம் என்ற துணிவு அங்கே தொடங்கியது.

1956ஐ நாங்கள் தனிச் சிங்களச் சட்டத்தோடுதான் ஞாபகம் வைத்திருக்கிறோம். அதே வருஷம் நவம்பரில், சரச்சந்திராவின் 'மனமே' சிங்கள நாடகம் கொழும்பில் மேடையேறியது. நடித்தவர்கள் பேராதனை மாணவர்கள். சிங்களக் கிராமத்து நாடகமவை எடுத்து நவீன மேடைக்கு ஏற்றிய முயற்சி அது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிங்கள நாடகமவின் வேரே தமிழ்க் கூத்து மரபில்தான் இருக்கிறது. எங்கள் பக்கமிருந்து போன ஒரு சாமான் பட்டுடுத்திக்கொண்டு சிங்கள மேடையில் நின்றது. அதே வளாகத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த சு. வித்தியானந்தனுக்கு இது உறைத்தது. 'எங்களிடமும் இருக்கிறதே, ஏன் அதை நாங்கள் பட்டிக்காட்டு விளையாட்டு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்' என்கிற கேள்விதான் அவருடைய அடுத்த பத்து, பன்னிரண்டு வருஷ வேலை. இரண்டு பேரும் வேறு வேறு நகரங்களில் இருந்திருந்தால் இந்த உறைப்பு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அப்போது படித்த தமிழருக்குக் கூத்து என்றால் ஒரு கூச்சம். பரதநாட்டியம் சரி, கர்நாடக சங்கீதம் சரி. விடிய விடியக் களரியில் சதங்கை கட்டி ஆடுவது படிக்காத சனத்தின் வேலை. ஊரில் தகப்பன் கூத்தாடினாலும், மகன் அதைக் கம்பஸில் வாய் திறந்து சொல்லமாட்டான். வித்தியானந்தன் அந்த மகன்களைத்தான் தேடிப் பிடித்தார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த வருஷம் 'நொண்டி நாடகம்', பிறகு 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை'. சுற்றிவரச் சனம் இருந்து இரவு முழுக்கப் பார்க்கும் வட்டக்களரிக் கூத்தை, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் மேடைக்குக் கொண்டுவந்து ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்கினார்கள். ஆட்டத்தைப் பழக்க வந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பட்டம் இல்லாத ஒரு கிராமத்து ஆசான் மத்தளத்தைத் தட்டி, பட்டம் எடுக்க வந்த பிள்ளைகளுக்குக் கால் எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார். வாத்தியார் யார், மாணவர் யார் என்ற வழக்கமான ஒழுங்கு தலைகீழாகிறது. பாடத்திட்டத்துக்குள் இதை வைத்திருந்தால் அந்தக் காலத்தில் எந்தக் குழுவும் அனுமதித்திராது.

'இராவணேச'னை எழுதியது ஒரு மாணவர். இராவணனாக ஆடியதும் அவரேதான். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்துவிட்டுப் பேராதனைக்குப் போன சி. மௌனகுரு. ஊரில் சின்ன வயதிலேயே கண்ட ஆட்டம் அவருக்குப் புதிது இல்லை. புதிது என்னவென்றால் அதை மற்றவர்கள் மதித்துப் பார்த்ததும், அதைப்பற்றி யோசிக்கக் கூடிய ஆட்கள் பக்கத்தில் இருந்ததும். யாழ்ப்பாணத்துச் சக மாணவர்கள் வடமோடி ஆட்டத்தைக் கிட்ட நின்று பார்த்ததும், தங்கள் வாயால் அந்தப் பாட்டைப் பாடியதும் அங்கேதான். மட்டக்களப்பான் என்றால் ஒரு மாதிரிப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் இன்றைக்கும் போகவில்லை. அது ஒத்திகை இடத்தில் கொஞ்சமாவது உடைந்திருக்க வேண்டும். தாளம் தப்பினால் திருத்துவது மட்டக்களப்பான் அல்லவா!

இதெல்லாவற்றுக்கும் எத்தனை புள்ளி கிடைத்தது? ஒரு புள்ளியும் இல்லை.

சேர்ந்து வாழும் இடம் தானாகவே நல்லதாகிவிடாது என்பதையும் அதே பேராதனைதான் காட்டியது. 1983 மே மாதம், யூலைக் கலவரத்துக்கு முதலே, அந்த வளாகத்தில் தமிழ் மாணவர்கள் அடிக்கப்பட்டார்கள். அருணாசலமும் ஜயதிலகவும் பக்கத்துப் பக்கத்தில் பெயர்ப்பலகையில் இருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. 1997இல் பொறியியல் பீடத்தில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் இறந்தார். அதற்கடுத்த வருஷம் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது, பகிடிவதை நிற்கவில்லை. 'பாடத்துக்கு வெளியே கம்பஸ் நிறையப் படிப்பிக்கும்' என்று மேடையில் பேசுகிற சீனியர் அண்ணாமார் இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள். முதலாம் வருஷப் பிள்ளையை முட்டுக்காலில் நிற்க வைப்பதற்கும் 'கலாசாரம்' என்றுதான் பெயர் சொல்கிறார்கள். நாலு சுவருக்குள் இருநூறு பேரைப் பூட்டி வைத்தால் கூத்தும் பிறக்கலாம், கொடுமையும் பிறக்கலாம். பேராதனையில் கூத்துப் பிறந்ததற்குக் காரணம் சுவர் இல்லை. பின்னேரங்களில் மாணவரோடு நின்ற ஒரு பேராசிரியர், ஊரிலிருந்து கூப்பிட்டு மரியாதை கொடுக்கப்பட்ட ஒரு அண்ணாவியார், தன் ஊரை மறைக்காமல் கொண்டுவந்த சில மாணவர். விடுதி அவர்களுக்குப் பொழுதைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்தப் பொழுதில்தான் இன்றைக்குச் சிக்கல். யாழ்ப்பாண வளாகம் 1974இல் வந்தது, வித்தியானந்தன் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். பிறகு கிழக்கு, தென்கிழக்கு, வவுனியா. கம்பஸ் வீட்டுக்குக் கிட்ட வந்தது நல்ல விஷயம், முக்கியமாக வெளி மாவட்டத்துக்கு அனுப்பப் பயந்த வீடுகளின் பெண் பிள்ளைகளுக்கு. ஆனால் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாணவருக்குப் பின்னேரம் என்று ஒன்று இல்லை. ரியூசன் கொட்டிலில் தொடங்கிய ஓட்டம் கம்பஸிலும் தொடருகிறது. அதே ஊர்க்காரரோடு போய், அதே ஊர்க்காரரோடு இருந்து, அதே ஊருக்குத் திரும்பி வருகிறோம். இதைப் பார்க்கும்போது வெளிவாரிப் பட்டம் கேட்கிற பிள்ளையிடம் என்ன பிழை இருக்கிறது என்றும் தோன்றும். அந்தப் பிள்ளை இழக்கப்போகிற சாமான் அங்கே இருக்கிறதா என்பதையல்லவா முதலில் பார்க்க வேண்டும்.

வந்தாறுமூலைக்கு வருவோம். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது, இடமாகக் கொடுக்கப்பட்டது மௌனகுரு படித்த அந்த மத்திய மகா வித்தியாலய வளவு. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. அவர் அங்கேயே பேராசிரியரானார். பல வருஷங்களுக்குப் பிறகு புதிய மாணவரோடு 'இராவணேசன்' மறுபடியும் மேடைக்கு வந்தது. செல்லையா அண்ணாவியாரின் ஊரில் இப்போது நாடகமும் அரங்கியலும் பல்கலைக்கழகப் பாடம். கூத்துக்கு வினாத்தாள் உண்டு, புள்ளியும் உண்டு.