அச்சுப்பொறியும் கம்பியில்லா அலையும்



குலசேகரன்பட்டினத்திலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால், திருச்செந்தூருக்கு அப்பால், பொருநையாறு கடலோடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் என்னும் ஊர் உள்ளது. இங்குப் பல்லாண்டு பணியாற்றிய போர்த்துக்கீசியத் துறவி அன்றீக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறியது. அது 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் அதுவே பழமையானது. முத்துக்குளித்துறை மக்களிடையே பணிபுரிந்தவர் ஆக்கிய நூலுக்கு, மேற்குக் கரையில் எழுத்துகள் வார்க்கப்பட்டன. மேற்குக் கரையிலேயே அச்சும் நிகழ்ந்தது. எழுதுவோர் ஓரிடம், அச்சுப்பொறி வேறிடம் என்னும் இடர் அன்றே இருந்தது.

இன்று அதே கரையில் ஒரு மாணவர் கைபேசியில் எழுதும் கட்டுரையை, அடுத்த அறையிலுள்ள அச்சுப்பொறி கம்பியின்றிப் பெற்றுத் தாளில் பதிக்கிறது. இது எவ்வாறு இயன்றது?

ஜகதீச சந்திர போஸ் 1894 முதல் 1896 வரை கல்கத்தாவில் நடத்திய சோதனைகளில், மின்காந்த அலை சுவரை ஊடுருவிச் சென்று அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தது. பின்னர், 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சன் குழுவினர், தீவுகளில் சிதறிக்கிடந்த நிலையங்களை வானலை வழியே கணிப்பொறியோடு இணைத்தனர். இரு செய்திகள் மோதிச் சிதைந்தால், அனுப்பியவர் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. 1997இல் வெளிவந்த 802.11 என்னும் பொது விதி, பல நிறுவனங்களின் கருவிகளும் தம்முள் பேச வழி செய்தது. அதன் வழிவந்ததே வைஃபை.

அறிவியல் மட்டும் போதவில்லை. சட்டமும் இடந்தர வேண்டியிருந்தது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி இத்தகைய கருவிகளை வைத்திருத்தலைத் தடை செய்தது. 2005இல் இந்திய அரசு, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றலுடைய கருவிகளுக்கு உரிமம் வேண்டுவதில்லை என அறிவித்தது. இல்லத்து வைஃபை நம் நாட்டில் எளிதில் பரவியமைக்கு இவ்வறிவிப்பும் ஒரு காரணம்.

இனி, இணைக்கும் முறையைக் காண்போம். அச்சுப்பொறிக்கு முதலில் இல்லத்து வலையின் பெயரைக் காட்ட வேண்டும். அடுத்து அதன் கடவுச்சொல்லை உள்ளிட வேண்டும். உடனே ரூட்டர் அதற்கு ஓர் எண் முகவரி வழங்கும். கைபேசியும் அதே வலையில் இருந்தால், அம்முகவரியைத் தேடியறிந்து தாளை அச்சுக்கு அனுப்பும். தபாற்காரருக்கு வீட்டு எண் போன்றது இம்முகவரி.

இணைப்பு அமையாவிடில் பொறியைப் பழிக்கற்க. விலை குறைந்த அச்சுப்பொறிகள் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே ஏற்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வலையின் பெயர் அவற்றுக்குப் புலப்படாது. விருந்தினருக்கென ஒதுக்கிய வலையில் கைபேசி இருந்தாலும் பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று காணா. கடவுச்சொல்லில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் வாயில் திறவாது. இம்மூன்றையும் வரிசையாக ஆராய்ந்தால் குறை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

அன்று எழுத்தை வார்த்த கம்மியரும் அச்சுக் கோத்தவரும் ஓரளவுக்கு உடன்பட்டு நின்றதால் ஏடு பிறந்தது. இன்று அலையும் பெயரும் முகவரியும் உடன்பட்டு நின்றால் தாள் வெளிவருகிறது. மாணவர்களே, பொறியை இயக்கக் கற்பதோடு நின்றுவிடாது, அதனுள் உறையும் உடன்பாடுகளையும் கற்றுக்கொள்ளுங்கள்.