அடுப்புக்குத் தனி மட்டம்: தமிழ்நாட்டு வீட்டுச் சமையலறையில் மேடை உயரம்

வீட்டுச் சமையலறையின் வசதியை முதலில் தீர்மானிப்பது மேடையின் உயரம். அலமாரியை மாற்றலாம், விளக்கைக் கூட்டலாம், எக்ஸாஸ்ட் ஃபேனை இடம் மாற்றலாம். கொத்தனார் ஒருமுறை கல்லைப் பதித்துவிட்டால் அந்த உயரம் வீடு இருக்கும்வரை நிற்கும். தமிழ்நாட்டில் சமையல் மேடை பெரும்பாலும் 32 முதல் 34 அங்குல (81–86 செ.மீ.) உயரத்தில், சுவருக்குச் சுவர் ஒரே மட்டமாக அமைகிறது. மாடுலர் கிச்சன் அமைப்பவர்கள் அதை 36 அங்குலம் வரை கொண்டுபோகிறார்கள். காய் நறுக்குவது, சப்பாத்தி தேய்ப்பது, மாவு அரைப்பது, அடுப்பில் கிளறுவது, பாத்திரம் கழுவுவது ஆகிய அனைத்தும் அந்த ஒரே மட்டத்தில் நடந்தாக வேண்டும். சமைப்பவரின் தோளும் இடுப்பும் படும் பாட்டுக்கு இந்த ஒருமட்ட அமைப்பு ஒரு முக்கியக் காரணம் என்பதும், மற்றவற்றை விட்டாலும் அடுப்பின் மட்டத்தையாவது தாழ்த்தியே ஆகவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நின்று செய்யும் வேலைக்கான மேடை உயரத்தைப் பணிச்சூழலியல் முழங்கையிலிருந்து கணக்கிடுகிறது. தோளைத் தளரவிட்டு நேராக நின்று கையை மடக்கும்போது முழங்கை எங்கே இருக்கிறதோ அதுவே அளவு. இலேசான கைவேலைக்கு மேடை அதைவிட 10–15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், உடலின் எடையைக் கொடுத்து அழுத்திச் செய்யும் வேலைக்கு 15 செ.மீ. தொடங்கி 40 செ.மீ. வரை தாழலாம். முழங்கை உயரம் ஒருவரின் மொத்த உயரத்தில் ஏறக்குறைய 63 விழுக்காடு. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில் இருப்பதால் அவர்களின் முழங்கை 96 செ.மீ.க்குப் பக்கத்தில் வருகிறது. காய் நறுக்க 81–86 செ.மீ. வேண்டும் என்றாகிறது. கொத்தனார் பழக்கத்தால் வைக்கும் 32–34 அங்குலம் இந்த ஒரு வேலைக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. அடுப்பை அதே மேடைமேல் ஏற்றும்போதுதான் கணக்கு பிசகுகிறது.

84 செ.மீ. மேடைமேல் வைத்த கேஸ் அடுப்பு, பாத்திரம் உட்காரும் தாங்கியோடு சேர்த்து 10–12 செ.மீ. உயர்கிறது. அதன்மேல் 20 செ.மீ. உயரச் சாம்பார்ப் பாத்திரத்தை வைத்தால் அதன் விளிம்பு 115 செ.மீ.யைத் தொடுகிறது, முழங்கையைவிட ஒரு சாண் அளவு மேலே. கரண்டியை உள்ளே விட்டுக் கிளற மேற்கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த நிலையில் கையின் முழு எடையையும் தோள்தசை ஓய்வின்றிச் சுமக்கிறது. ஒரு நிமிடத் தாளிப்பில் இது தெரியாது. அரை மணி நேரம் அல்வாவோ பாயசமோ கிளறுபவருக்குத் தெரியும். இட்லிக் கொப்பரையின் நிலைமை இன்னும் மோசம். மூடியைத் திறக்கும் கை கிட்டத்தட்டத் தோள் மட்டத்துக்குப் போகிறது, முதல் ஆவி முகத்தை நோக்கி வருகிறது, மேல்தட்டை எடுக்கக் குதிகாலை உயர்த்த வேண்டியிருக்கிறது. பாத்திரத்தின் அடி தெரியாமல் கிளறுவதால் அடிப்பிடிப்பதும் இந்த உயரத்தோடு தொடர்புள்ளதே. 36 அங்குல மேடையானால் இதோடு இன்னும் 7 செ.மீ. கூடுகிறது.

இந்த ஒருமட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் அது சமையலின் தேவையிலிருந்து பிறக்கவில்லை என்பது புலப்படும். வீட்டுவேலையை அளந்து ஆராயும் முயற்சி அமெரிக்காவில் கிறிஸ்டீன் ஃபிரெடெரிக்கின் எழுத்துகளோடு 1910களில் சூடுபிடித்தது. அதன் தாக்கத்தில் 1926இல் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்ஃபர்ட் நகர வீட்டுவசதித் திட்டத்துக்காகச் சுமார் 6.5 சதுர மீட்டரில் ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. குறைவான நடை, கைக்கெட்டும் பண்டப் பெட்டிகள், சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நறுக்க ஒரு சுழல் முக்காலி என்று அதன் ஒவ்வொரு உறுப்பும் வேலையைப் பார்த்தே முடிவானது. அதே காலத்தில் அமெரிக்காவில் லிலியன் கில்பிரெத், மேடை உயரம் அதைப் பயன்படுத்தும் பெண்ணின் உயரத்துக்கு ஏற்ப மாறவேண்டும் என்று வலியுறுத்தினார். ஆனால் அடுப்பும் தொட்டியும் அலமாரியும் தொடர்ச்சியாக ஒரே கோட்டில் தெரியவேண்டும் என்ற தோற்ற விருப்பமும் தொழிற்சாலை உற்பத்தியின் வசதியும் 1930களில் ஓங்கியபோது 36 அங்குலம் பொது அளவாக நிலைத்துவிட்டது. அங்கும் அது குறைவான கேட்டையே செய்தது. ஏனெனில் அங்கே ஆட்கள் உயரமானவர்கள், அடுப்பு மேடையோடு சமமாகப் பதிந்தது, வாணலியும் ஆழமற்றது. இங்கே எட்டியது அந்த மட்டம் மட்டுமே.

தமிழ்நாட்டில் அது வந்து சேர்ந்தது தரையில் அமர்ந்து சமைத்த பழக்கத்தின்மேல். புகையும் முழங்கால் வலியும் நிறைந்த அந்தச் சமையலறைக்குத் திரும்ப யாரும் விரும்பமாட்டார்கள், விரும்பவும் கூடாது. ஆயினும் அதில் ஒவ்வொரு வேலைக்கும் தனித் தனி உயரம் இருந்தது. அரிவாள்மணையில் உட்கார்ந்தவரின் எடையே அலகை அசையாமல் பிடித்துக்கொள்ள, இரண்டு கையும் காய்க்குக் கிடைத்தன. அம்மியில் குழவியை உந்தியது தோள் மட்டுமன்று, முன்னே சாயும் உடல். தரையை ஒட்டிய அடுப்பில் பானையின் வாய் கண்ணுக்குக் கீழே இருந்தது. சமையல் எழுந்து நின்றபோது இந்த உயர வேறுபாடுகளைக் கழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே பலகைக்கு ஏற்றியதுதான் பிழை.

பரிந்துரைக்கத் தக்க மாற்றம் எளியது. மேடையின் மற்ற பகுதி 82–84 செ.மீ.யில் இருக்க, அடுப்பு உட்காரும் சுமார் 90 செ.மீ. நீளத்தை மட்டும் 12 செ.மீ. தாழ்த்தி 70–72 செ.மீ.யில் பதிக்கலாம். முன்பக்கம் திறந்த படியாக அது அமைய வேண்டும். குழியாக அமைந்தால் பொங்கிய பாலும் கழுவிய நீரும் தேங்கும், குமிழைத் திருப்பவும் இடமிருக்காது. இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு, மட்டம் உடைந்தால் கனமான பாத்திரத்தை நகர்த்த முடியாது என்பது. உண்மை நேர்மாறானது. 12 செ.மீ. தாழ்ந்த கல்லின்மேல் அடுப்பு ஏறியதும் அதன் தாங்கி பக்கத்து மேடைக்குச் சமமாகிறது. கொதிக்கும் குக்கரைத் தூக்கி இறக்காமல் பக்கத்தில் தள்ளி வைக்க முடிவது அப்போதுதான். தட்டையான மேடையில்தான் ஒவ்வொரு பாத்திரமும் தூக்கி இறக்கப்படுகிறது. சப்பாத்தி தேய்க்க ஏற்ற உயரமும் இதே 70–72 செ.மீ.தான் என்பதால் தாழ்ந்த பகுதியை ஒன்றரை அடி கூட்டினால் அந்த வேலைக்கும் இடம் கிடைத்துவிடும்.

இரண்டாவது மறுப்பு சிலிண்டரைப் பற்றியது. இதற்கு மதிப்பளித்தே ஆகவேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு அடிக்கு மேல் உயரமானது. நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரெகுலேட்டரைச் சட்டென்று மூட மேலே கைக்கு இடம் வேண்டும். தாழ்த்திய கல்லின் கீழ் இது நெருக்கடியாகும். சிலிண்டரை அடுத்துள்ள உயர்ந்த பகுதிக்குக் கீழே நிறுத்துவதே வழி. கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் அந்த அறையின் கதவில் தரையை ஒட்டிக் காற்றுத் துளைகள் கட்டாயம்.

தொட்டியின் கணக்கு அடுப்புக்கு எதிர்த் திசையில் போகிறது. கழுவும் கை வேலை செய்வது விளிம்பில் அன்று, தொட்டியின் அடியில். 84 செ.மீ. மேடையில் 20 செ.மீ. ஆழத் தொட்டி பதித்தால் கை 64 செ.மீ. வரை இறங்க, இடுப்பு வளைகிறது. விளிம்பை 90 செ.மீ.க்கு உயர்த்தினால் முதுகு நிமிரும். பெரிய அண்டாக்களுக்காகத் தொட்டியை ஆழப்படுத்துவதைவிட, பின்கட்டில் தனிக் குழாயடி வைப்பது நல்லது. அங்கே வேலைக்கு வருபவர் குந்தி உட்கார்ந்து தேய்க்கும்படி விடாமல் நிற்கும் உயரத்தில் ஒரு திண்டு கட்டித்தருவது வீட்டாரின் கடமை.

மேடை சரியான உயரத்தில் இருந்தும் முதுகு வலிப்பதற்கு ஒரு சிறு காரணம் உண்டு: கால்விரல் நுழைய இடமில்லாமை. கடப்பாக் கல் தாங்குசுவரும் கதவும் மேடை விளிம்புவரை வந்துவிட்டால் நிற்பவர் ஓரடி தள்ளி நின்று முன்னே குனிகிறார். கீழ்ப்பகுதியைத் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்துக்கு 8 செ.மீ. உள்வாங்கினால் பாதம் உள்ளே போகும், உடல் மேடையை ஒட்டும். செலவு ஏதுமில்லாத இந்தத் திருத்தத்தைப் பெரும்பாலான வீடுகளில் காணமுடிவதில்லை. டேபிள்டாப் கிரைண்டரை மேடைமேல் வைப்பதும் இப்படிப்பட்டதே. கல்லைத் தூக்கி எடுப்பதும் மாவை வழிப்பதும் அழுத்தமும் எடையும் கொண்ட வேலைகள். கிரைண்டரின் வாய் முழங்கைக்குக் கீழே வர, 50 செ.மீ. அளவான உறுதியான தனித் திண்டு வேண்டும்.

அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி மூன்றையும் இணைக்கும் வேலை முக்கோணத்தின் சுற்றளவு 26 அடிக்குள் இருக்கவேண்டும் என்ற விதி பரவலாக அறியப்பட்டது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறைந்த அளவாகக் கூறும் 5 சதுர மீட்டர் அறையில் அந்த எல்லை தானாகவே நிறைவேறிவிடுகிறது. அங்கே கவனிக்கவேண்டியது நடைவழி. மாமியாரும் மருமகளும் சேர்ந்து புழங்கும் அறையில் ஒருவர் பின்னால் மற்றவர் கொதிநீரோடு கடக்க 120 செ.மீ. வேண்டும், ஒருவருக்கே ஆனால் 90 போதும்.

உயரம் வேறுபட்ட இருவர் சமைக்கும் வீட்டில் யாருடைய முழங்கையை எடுப்பது? குள்ளமானவருடையதை. உயரமானவர் தடித்த நறுக்குப் பலகையை வைத்து மட்டத்தை 5 செ.மீ. ஏற்றிக்கொள்ளலாம், உயர்ந்த கல்லைத் தாழ்த்த எவராலும் முடியாது. காலுக்குக் கீழே மணை போட்டுக்கொள்வது ஈரத் தரையில் ஆபத்து.

கல்லை உடைக்க இயலாத வாடகை வீட்டுக்காரருக்கும் வழி இருக்கிறது. மேடையின் கடைசியில் இடமிருந்தால், அடுப்பை மட்டும் 70 செ.மீ. இரும்பு ஸ்டாண்டுக்கு இறக்கலாம். ஸ்டாண்டைச் சுவரோடு இறுக்கிப் பொருத்தவேண்டும், அசையக் கூடாது. கேஸ் குழாயின் நீளத்தைச் சரிபார்த்து, வளைவு விழாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். அதற்கும் இடமில்லாத அறையில், உயரம் குறைந்த அடுப்பும், ஆழமான பாத்திரத்துக்குப் பதில் அகன்ற உருளியும், நீண்ட காம்புக் கரண்டியும் சேர்ந்தால் கையைத் தூக்கவேண்டிய உயரத்தில் ஒரு பகுதியாவது குறையும்.