மீள்நுழைவில் எரிந்தழியும் கூட்டுப்பொருள் கலன்கள்

பணி முடிந்த செயற்கைக்கோளோ ஏவூர்தியின் மேல்நிலையோ வளிமண்டலத்துக்குள் விழும்போது, தரையை எட்டும் முன்பே சிதைந்து அழிந்துபோகும்படி வடிவமைக்கப்படும் உந்துபொருள் கலன்களும் அழுத்தவாயுக் கலன்களும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. மெல்லிய அலுமினிய உட்கூட்டின் மேல், பிசினில் தோய்ந்த கார்பன் இழைகளைச் சுற்றிச் செய்யும் கலன்கள் இவற்றுள் முக்கியமானவை. விண்கலத்தின் பாகங்கள் எப்படி உழைக்க வேண்டும் என்பதோடு எப்படி அழிய வேண்டும் என்பதையும் வரைபலகையிலேயே தீர்மானிக்கும் ‘அழிவுக்கேற்ற வடிவமைப்பு’ என்ற பொறியியல் பிரிவில் இவை அடங்கும். தரையில் இருப்பவர் எவர் மீதும் விண்வெளிக் குப்பை விழக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

கலன்கள் தப்பிப் பிழைப்பதன் காரணம்

தாழ்புவிச் சுற்றுப்பாதையிலிருந்து விழும் விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. வேகத்தில் காற்றைச் சந்திக்கிறது. அதன் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறத்தாழ 30 மெகாஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். ஒரு கிலோ அலுமினியத்தை உருக்க ஒரு மெகாஜூல் அளவே போதும். ஆனால் அந்த ஆற்றலின் பெரும்பகுதி சுற்றியுள்ள காற்றுக்கே போய்விடுகிறது. சிறு பங்கே பொருளுக்குள் இறங்குகிறது. எந்தப் பாகம் அழியும், எது பிழைக்கும் என்பதை இந்தச் சிறு பங்குதான் முடிவுசெய்கிறது.

ஹைட்ரசீன் போன்ற உந்துபொருளை வைக்க நெடுங்காலமாக டைட்டானியக் கலன்களே பயன்பட்டு வருகின்றன. டைட்டானியம் எடை குறைந்தது, வலிமையானது, அரிப்புக்கு ஆளாகாதது. அதன் உலோகக்கலவை உருக ஏறத்தாழ 1,650 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலுமினியக் கலவைகளுக்கு 500 முதல் 650 டிகிரி போதும். வெப்பக் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படிக்கேற்ப உயர்வதால், உருகுநிலையை நெருங்கும் டைட்டானியம் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு வெப்பத்தை வெளியே வீசிவிடும். உள்ளே வரும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகிவிட்டால் அதற்குமேல் அது சூடேறாது.

வடிவமும் இதற்குத் துணைபோகிறது. காலியான கோளக்கலன் பரப்பில் பெரியது, எடையில் சிறியது. மிக உயரத்திலேயே, காற்று மெல்லியதாக இருக்கும்போதே, அது வேகத்தை இழந்துவிடும். அதனால் அது தாங்கவேண்டிய வெப்பமும் குறைகிறது.

தரைக்கு வந்த கலன்கள்

1997 ஜனவரி 22 அன்று டெல்டா–2 ஏவூர்தியின் இரண்டாம் நிலையைச் சேர்ந்த, ஏறத்தாழ 250 கிலோ எடையுள்ள துருப்பிடிக்கா எஃகுக் கலன் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் அருகே விழுந்தது. 2008 பிப்ரவரியில் கட்டுப்பாடிழந்த யுஎஸ்ஏ–193 உளவுச் செயற்கைக்கோளை அமெரிக்கக் கடற்படை ஏவுகணையால் தகர்த்தது. அதன் கலனில் இருந்த ஏறத்தாழ 450 கிலோ நச்சு ஹைட்ரசீன் தரையை அடையலாம் என்பதே அதற்கு அரசு சொன்ன காரணம்.

கூட்டுப்பொருள் கலன்களும் விழுந்திருக்கின்றன. 2021 மார்ச்சில் பால்கன்–9 ஏவூர்தியின் இரண்டாம் நிலையிலிருந்து இழை சுற்றிய அழுத்தக் கலன் ஒன்று வாஷிங்டன் மாநிலத்தின் விளைநிலத்தில் கிடைத்தது. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையமும் கோளக்கலன்களும் விழுந்தன. 2025 பிப்ரவரியில் போலந்தின் போஸ்னான் நகரை ஒட்டி மீண்டும் பால்கன்–9 கலன்கள் கண்டெடுக்கப்பட்டன.

கூட்டுப்பொருளின் இரு தன்மைகள்

டைட்டானியத்தை விட்டுக் கூட்டுப்பொருளுக்கு மாறினாலே சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்பது தவறு. கார்பன் இழை உருகுவதே இல்லை. 300–400 டிகிரியில் பிசின் சிதைந்து வாயுவாக வெளியேறும். பின் எஞ்சும் கரியும் இழைகளும் வெப்பத்தை எளிதில் உள்ளே விடா. சூடான காற்றில் இழைகள் ஆக்சிஜனோடு சேர்ந்து தேயும் என்றாலும், அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் தேய்மானம் மெதுவாகவே நடக்கும். நூற்கண்டின் நூல்போல அறுபடாமல் சுற்றப்பட்ட இழைகள், பிசின் போன பிறகும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உள்ளிருக்கும் அலுமினியத்தைக் காக்கின்றன. விண்வெளியில் கலனைக் காப்பாற்றும் அதே உறைதான் விழும்போது அதன் அழிவைத் தடுக்கிறது.

வடிவமைப்பு வழிகள்

முதல் வழி உலோகத் தேர்வு. உட்கூடு மட்டுமன்றி, குழாய் இணையும் வாய்ப்பகுதிகள், தாங்கிகள், எடையற்ற நிலையில் திரவத்தைக் குழாய்வாய்க்குக் கொண்டுசேர்க்கும் உள்ளமைப்புகள் ஆகியவற்றிலும் டைட்டானியத்தைத் தவிர்க்க வேண்டும். உட்கூடு கரைந்தபின் ஒரு டைட்டானிய வாய்ப்பகுதி மட்டும் விழுந்தாலும் அது ஆபத்தான துண்டுதான்.

இரண்டாவது வழி இழைச்சுற்றின் தடிமனையும் சுற்றும் கோணங்களையும் தேவைக்குமேல் போகாமல் வைத்து, பிசின் போனதும் உறை பிரிந்துகொடுக்கச் செய்வது. மூன்றாவது, விண்கலத்தின் உடல் முன்கூட்டியே பிளந்துகொள்ளச் செய்வது. பொதுவாக ஏறத்தாழ 78 கி.மீ. உயரத்தில் பெரும் உடைவு நிகழ்வதாகக் கணக்கிடுவர். இணைப்புகள் அதற்கு மேலேயே விட்டுக்கொடுத்தால், கலன் கூடுதல் நேரம் வெப்பத்தில் நேரடியாக நிற்கும்.

இத்தனையும் கலனின் அன்றாடக் கடமைகளைக் குலைக்காமல் நடக்க வேண்டும். ஏவும்போது வரும் அதிர்வு, பல ஆண்டுகள் நீடிக்கும் அழுத்தம், ஹைட்ரசீனின் வேதித்தாக்கம் எல்லாவற்றையும் அது தாங்கியாக வேண்டும். இழைகள் நீண்டகால இழுவிசையில் திடீரென அறுந்துவிடும் வாய்ப்பும் உண்டு; எனவே சுற்றின் தடிமனைக் குறைப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

நாசாவின் கோடார்ட் மையம் உருவாக்கி 2014 பிப்ரவரியில் ஜப்பானின் தானெகாஷிமாவிலிருந்து ஏவப்பட்ட ஜிபிஎம் மழையளவைச் செயற்கைக்கோள் இத்துறையின் முன்னோடி. அதன் உந்துபொருள் கலன் மீள்நுழைவில் அழியும்படி அலுமினிய உட்கூட்டோடு செய்யப்பட்டது. ஜப்பானின் ஜாக்சா நிறுவனமும் அலுமினிய உட்கூடும் கார்பன் இழைச்சுற்றும் கொண்ட கலனை இந்நோக்கில் ஆராய்ந்துள்ளது.

விதிமுறையும் சோதனையும்

ஒரு மீள்நுழைவால் எவரேனும் காயமடையும் வாய்ப்பு 10,000-இல் ஒன்றுக்கு மேற்படக்கூடாது என்பது நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் பின்பற்றும் வரம்பு. நாசாவின் கணக்கீட்டில் 15 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோடு விழும் துண்டே ஆபத்தானது. துண்டின் பரப்போடு மனித உடலின் பரப்பையும் சேர்த்துக் கணக்கிடுவதால், சிறு துண்டுகளாக இருந்தாலும் எண்ணிக்கை கூடினால் ஆபத்தும் கூடும். 2011-இல் விழுந்த யுஏஆர்எஸ் செயற்கைக்கோளுக்கு அந்த வாய்ப்பு 3,200-இல் ஒன்று என மதிப்பிடப்பட்டது.

வரம்பு மீறினால், ஆளில்லாக் கடற்பகுதியில் விண்கலத்தைக் குறிவைத்து இறக்க வேண்டும். அதற்குக் கூடுதல் உந்துபொருள் தேவை. அப்படி இறக்குவதற்காக வடிவமைக்கப்படாத மேகா–ட்ராபிக்ஸ்–1 செயற்கைக்கோளை 2023 மார்ச் 7 அன்று மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டே இஸ்ரோ பசிபிக்கில் பாதுகாப்பாக இறக்கியது. கலன்கள் தாமே அழியுமானால் இந்தச் சுமை வெகுவாகக் குறையும்.

அழிவைக் கணிக்க நாசாவின் ஓர்சாட், ஐரோப்பாவின் ஸ்காராப் போன்ற மென்பொருள்கள் உண்டு. பொருள்களின் மாதிரிகளைப் பிளாஸ்மா காற்றுச்சுரங்கங்களில் சுட்டுப் பார்த்து அக்கணிப்புகள் சரிபார்க்கப்படுகின்றன. விழும் விண்கலத்துக்குள்ளிருந்தே அளவீடுகளைப் பெற, டிராக்கோ என்னும் சோதனைக் கலத்தை ஐரோப்பிய முகமை 2027-இல் ஏவத் திட்டமிட்டுள்ளது.

வளிமண்டலக் கேள்வி

எரிந்த உலோகம் இல்லாமல் போவதில்லை. நுண்துகள்களாக மேல்வளியில் தங்குகிறது. அடுக்கு மண்டலத்தின் கந்தக அமிலத் துகள்களில் ஏறத்தாழ பத்து சதவீதத்தில், விண்கலங்கள் எரிந்ததால் வந்த அலுமினியம் முதலான உலோகங்கள் இருப்பதை 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓசோன் படலத்தின் மீது இதன் தாக்கம் ஆராயப்பட்டு வருகிறது. எனவே கலனின் பொருளைத் தேர்வுசெய்பவர்கள் தரையில் இருப்பவரின் பாதுகாப்போடு, மேலே கலக்கும் உலோகத்தின் அளவையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.