பதவியிலிருந்து ஆளுக்கு: இலங்கைப் பிரதேச செயலகங்களில் புதிய உத்தியோகத்தருக்கான கணினி அணுகல்

மாவடிப்பள்ளி கிழக்கு, மேற்கு ஆகிய கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் காரைதீவுப் பிரதேச செயலகத்தின் நிருவாகத்தின்கீழ் அமைந்துள்ளன. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளர்களிடம் கொண்டுசேர்த்ததால், இத்தகைய செயலகங்களில் நியமனம் பெறும் புதிய உத்தியோகத்தர் எந்த ஆவணத்தைத் திறக்கலாம், எதில் ஒப்பமிடலாம் என்பது கிராம மக்களின் அன்றாட அலுவல்களை நேரடியாகத் தொடும் விடயமாயிற்று.

காகிதக் கோவைகளின் காலத்தில் இவ்வணுகல் ஆளுக்கன்றிப் பதவிக்கே உரியதாயிருந்தது. இடமாற்றம் பெற்றுச் செல்பவர் கோவைகளையும் பொருட்களையும் இரும்புப் பெட்டியின் திறப்பையும் பட்டியலிட்டு ஒப்படைப்பார். வருபவர் திகதியிட்டு ஒப்பமிட்டுப் பொறுப்பேற்பார். அரச பணத்தைக் கையாளும் முறையை வகுக்கும் நிதிப் பிரமாணங்கள், 135ஆம் பிரமாணம் தொடக்கம், ஒரு செலவுக்கு அதிகாரமளித்தல், அதை அங்கீகரித்தல், சான்றுப்படுத்தல், பணத்தைச் செலுத்துதல் ஆகியவற்றைத் தனித்தனிக் கடமைகளாகப் பிரித்துக் கையளிக்க ஏற்பாடு செய்தன. பதவிநிலைக்கேற்பக் கணினி உரிமைகளை வரையறுக்கும் முறையைப் பெராயோலோ, குன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1992இல் கோட்பாடாக முன்வைத்தனர். அதன் உட்கருத்து இலங்கை எழுதுவினைஞருக்குப் புதியதன்று.

ஆளுக்கொரு கணக்கு என்னும் வழக்கம் வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. மாசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் 1961இல் செய்துகாட்டப்பட்ட நேரப்பகிர்வு முறைமையில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தியதால், ஒவ்வொருவரின் கோப்புகளையும் பிரித்துவைக்கக் கடவுச்சொல் வேண்டியிருந்தது. மறுவருடமே ஓர் ஆய்வு மாணவர் தமக்குக் கூடுதல் கணினி நேரம் பெறுவதற்காகக் கடவுச்சொற் பட்டியல் முழுவதையும் அச்சிட்டெடுத்தார்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தகவல் மற்றும் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அமைந்தது. அரச அலுவலகங்களை இணைக்கும் வலையமைப்பும் அதன்வழி உருவாயிற்று. கணக்குக் கிளைகளில் பேரேட்டின் இடத்தைச் 'சிகாஸ்' எனப்படும் கணினிக் கணக்கீட்டு மென்பொருள் பிடித்தது. இங்கேதான் இரு மரபுகளும் மோதுகின்றன: கணினி என்ற பொருளைப் பட்டியலிட்டு ஒப்படைக்கலாம்; ஆனால் கடவுச்சொல்லை அவ்வாறு ஒப்படைத்தால், சான்றுப்படுத்தியவர் யார், செலுத்தியவர் யார் என்ற பிரிப்பே அழிந்துவிடும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், தம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட அணுகல் தகவலை அதிகாரமின்றி வெளியிடுவதைக் குற்றமாக்கியதன் பொருத்தம் இப்பின்னணியிலேயே முழுமையாக விளங்கும்.

தமிழ் பேசும் பிரதேசங்களில் அணுகலுக்கு இன்னொரு படியும் உண்டு. ஆய்வுகளில் அதற்குரிய கவனம் கிடைப்பது அரிது. நெடுங்காலம் அலுவலகக் கடிதங்களுக்குப் பயன்பட்ட பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றியது. அவ்வாறு தட்டச்சிட்ட பெயரை யுனிகோட் தரவுத்தளம் தமிழாக அடையாளங் காணாது. 2008இல் வெளியான எஸ்.எல்.எஸ். 1326 நியமம் தமிழ்க் குறியேற்றத்தை ஒழுங்குபடுத்தியபோதும், விரல்கள் பழகிய விசைப்பலகை ஒரே நாளில் மாறுவதில்லை. ஆகவே புதிதாக வருபவருக்குக் கணக்கொன்றைத் திறந்துகொடுப்பது மட்டும் போதாது. உரிய உள்ளீட்டு முறையை நிறுவி, அதிற் பயிற்சியளிப்பதும் அணுகலின் பகுதியே. இன்றேல் கணக்கு அவருடையதாகவும், தட்டச்சு பக்கத்து மேசைக்காரருடையதாகவும் ஆகிவிடும்.

கணக்கைத் திறப்பதைவிட மூடுவதே கடினமானது. இடமாற்றம் ஆண்டுதோறும் நிகழும் சேவையில், முன்னவரின் உரிமைகள் நீங்கும் திகதியும் பின்னவரின் உரிமைகள் தொடங்கும் திகதியும் பழைய ஒப்படைப்புப் பட்டியலில் இருந்த அதே துல்லியத்துடன் பதியப்பட வேண்டியுள்ளன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுகளின் இரகசியத்தன்மையைத் தகுந்த தொழினுட்ப, நிருவாக ஏற்பாடுகளால் காக்கும் கடப்பாட்டை அரச நிறுவனங்களுக்கும் வகுத்துள்ளது. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபின் குடும்பங்களின் வருமான, வீட்டு விபரங்கள் கணினிக்குள் சென்றுள்ளதால், ஒரு குடும்பத்தின் பதிவைத் திறந்தவர் எப்பதவியினர் என்பதுடன், அவர் எந்த உத்தியோகத்தர் என்பதையும் அக்கணினி முறைமை காட்டவேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.