கிராவல் சைக்கிளோட்டம்: புலாவ் உபினில் எங்கே ஓட்டலாம், எதைக் கவனிக்கணும்?

மேடும் பள்ளமுமாக ஒரு சரளைப் பாதை. ஒரு பக்கம் காடு, சற்றுத் தள்ளிக் கடல். சிங்கப்பூரில் இப்படி ஓட்ட இடம் இருக்கா?

இருக்கு. சாங்கியிலிருந்து படகில் சுமார் 10 நிமிடம் போனால் புலாவ் உபின். ஆனால் தார்ச்சாலையில் ஓட்டிப் பழகிய கைக்குச் சரளைப் பாதை புதுசு. போவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

கிராவல் பைக்னா என்ன?

பார்த்தால் பந்தய சைக்கிள் மாதிரியே இருக்கும். கீழ்நோக்கி வளைந்த கைப்பிடிதான் அதற்கும். வித்தியாசம் டயரில் தெரியும்.

சாலை சைக்கிளின் டயர் பொதுவாக 25 முதல் 32 மில்லிமீட்டர் அகலம். கிராவல் பைக்கில் அது 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கு உதவும் இலகுவான கியர், சற்று நிமிர்ந்து உட்காரும் வசதி ஆகியவையும் உண்டு.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய 200 மைல் போட்டி இந்த விளையாட்டைப் பிரபலமாக்கியது. இப்போது அதன் பெயர் 'அன்பவுண்ட் கிராவல்'. 2022-இல் இத்தாலியில் முதல் உலக வெற்றியாளர் போட்டியும் நடந்தது.

அதுக்காகப் புது சைக்கிள் வாங்கணுமா?

வேண்டாம். உபினில் படகுத்துறைக்குப் பக்கத்துக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் 'மவுன்டன் பைக்' போதும்.

பணம் கொடுக்கும் முன்பு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லா சைக்கிளிலும் அது ஒரே பக்கம் இருக்காது. இறக்கத்தில் போய்க் கண்டுபிடிக்கும் விஷயம் இல்லை இது.

சொந்த சைக்கிள் என்றால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் ஓட்டினால் 30 முதல் 40 பிஎஸ்ஐ வரை வைத்துப் பார்க்கலாம். காற்று அதிகமாக இருந்தால் சக்கரம் கல்லின் மேல் துள்ளும். குறைவாக இருந்தால் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும். ரொம்பவும் குறைத்துவிட்டால் சக்கர விளிம்பு கல்லில் இடிபடும்.

எப்படிப் போவது?

சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து 'பம்போட்' எனும் சிறு படகுகள் புறப்படும். குறிப்பிட்ட நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கையில் சில்லறை நோட்டு வைத்திருங்கள்.

பொழுது சாயும் வரை காத்திருக்காதீர்கள். இருட்டிவிட்டால் படகு கிடைப்பது சிரமம்.

சாங்கிக்கே சைக்கிளில் போகிறீர்களா? நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், பகிர்வுப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர். இதுதான் வேக வரம்பு. சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். தீவிலும் அதைக் கழற்ற வேண்டாம்.

எந்தப் பாதை யாருக்கு?

கிழக்கே, செக் ஜாவா வரை: படகுத்துறையிலிருந்து ஒரு வழிக்குச் சுமார் 3 கிலோமீட்டர். தார்ப்பாதையும் சரளையும் மாறி மாறி வரும், சின்னச் சின்ன மேடுகளும் உண்டு. முதல்முறை போகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். செக் ஜாவா நுழைவாயிலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கடலோரப் பலகைப் பாதையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

வடக்கே, மாமாம் கடற்கரைப் பக்கம்: கூட்டம் குறைவு. எதிரே ஜொகூர் தெரியும். உங்கள் கைப்பேசி மலேசிய அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளலாம். 'ரோமிங்' வசதியை முன்பே அணைத்துவிடுங்கள்.

மேற்கே, கெத்தாம் மவுன்டன் பைக் பூங்கா: 2008-இல் திறக்கப்பட்டது. பழைய கல்குவாரி ஒன்றைச் சுற்றி அமைந்த இடம். பாதைகளின் கடினத்தைப் பலகைகள் காட்டும். நீலச் சதுரம் என்றால் நடுத்தரம். கறுப்பு வைரம் என்றால் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் அனுபவசாலிகளுக்கு மட்டும். "வந்தது வந்தோம், ஒரு தடவை இறங்கிப் பார்ப்போமே" என்று தோன்றும். வாடகை சைக்கிளில் வேண்டாம்.

சரளையில் ஏன் சறுக்குது?

தார்ச்சாலையில் டயர் உறுதியான ஒரு பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. சரளையில் டயருக்குக் கீழே இருக்கும் கற்களே உருளும். அதனால் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஆகும்.

வளைவில் பிரேக்கை இறுக்கினால் முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது கடினம். ஆகவே:

- வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள்.
- இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் மெதுவாக, விட்டுவிட்டுப் பிடியுங்கள். உடலைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்.
- ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். பின்சக்கரத்தில் எடை குறைந்தால் அது சும்மா சுழலும்.
- பார்வை முன்சக்கரத்தில் இருக்க வேண்டாம். பல மீட்டர் தள்ளிப் பாருங்கள்.
- இறக்கம் செங்குத்தாகத் தெரிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மழை பெய்த பிறகு செம்மண் பாதை இன்னும் வழுக்கும். இடி மின்னல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தீவில் மருத்துவமனை கிடையாது. அடிபட்டால் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். தனியாகப் போகாமல் இருப்பது நல்லது. அவசரத்துக்கு 995.

இந்தத் தீவில் இவ்வளவு கல் எப்படி?

உபின் கருங்கல் தீவு. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. அதற்கான கருங்கல் உபினிலிருந்தும் போனது. தீவின் கல்குவாரிகள் 1990களின் இறுதிக்குள் மூடப்பட்டன. தோண்டிய குழிகளில் தண்ணீர் நிறைந்து, இன்று ஏரிகளாகத் தெரிகின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். அவை ஆழமானவை, கரையும் செங்குத்து.

கிழக்கு முனைக்கு இன்னொரு கதை. செக் ஜாவா கரையில் நிலம் மீட்கத் திட்டம் இருந்தது. அங்கு வாழும் கடல் உயிரினங்களைப் பற்றித் தெரியவந்ததும் பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் குரல் கொடுத்தார்கள். 2001-ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது. நீங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கப்போகும் கரை அப்படித் தப்பியதுதான்.

அங்கே எப்படி நடந்துக்கணும்?

உபின் சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான். வேகமாக ஓட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும். அங்கு மக்கள் வசிக்கிறார்கள். பாதையில் நடப்பவர்களும் வேன்களும் வருவார்கள். இடப்பக்கமாகவே ஓட்டுங்கள். நடப்பவரைத் தாண்டும் முன்பு மணி அடித்து வேகத்தைக் குறையுங்கள்.

போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். ஒருவர் குறுக்கே போனால் தடம் விழும். பத்துப் பேர் போனால் அது புதுப் பாதையாகிவிடும், அடுத்த மழையில் மண் அரித்துப் போகும். காட்டுப்பன்றி, குரங்கு எதிரே வந்தால் நின்று வழிவிடுங்கள். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம்.

நேரா உபின் போகத் தயக்கமா?

முதலில் ரயில் பாதையில் பழகலாம். தஞ்சோங் பகார் வரை ஓடிய மலாயா ரயில் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றது. அந்த 24 கிலோமீட்டர் தடம்தான் இப்போது மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பயன்படுத்தும் பசுமைப் பாதை. ரயிலுக்காகப் போட்டது என்பதால் செங்குத்தான ஏற்றமே இல்லை. மண்ணும் சரளையுமான பகுதியில் நாலைந்து முறை மெதுவாகப் பிரேக் பிடித்துப் பாருங்கள்.

சக்கரம் எந்த இடத்தில் வழுக்கத் தொடங்குகிறது என்று அங்கேயே புரிந்துவிட்டால், உபின் இறக்கத்தில் கை பதறாது.