பள்ளிச் சத்துணவு: ஊட்ட அளவும் உணவுப் பட்டியலும்

பள்ளியில் வழங்கும் ஒரு வேளை உணவில் எவ்வளவு கலோரியும் புரதமும் இருக்க வேண்டும் என வகுப்பது ஊட்ட அளவு. அதை வார நாட்களுக்குப் பிரித்துச் சமையலாக்குவது உணவுப் பட்டியல். இந்தியாவில் இவ்விரண்டுக்கும் முன்னோடி தமிழ்நாடு.

தோற்றம்: 1920-இல் சென்னை மாநகராட்சி மன்றத் தலைவராக இருந்த பி. தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார். தீர்மானம் வரம்பு கட்டியது செலவுக்குத்தான்: தலைக்கு நாளொன்றுக்கு ஓரணா. தட்டில் என்ன சத்து இருக்க வேண்டும் என்று கேட்பதற்கான அறிவியல் அப்போதுதான் குன்னூரில் முளைவிட்டுக்கொண்டிருந்தது.

குன்னூர் ஆய்வுகள்: ராபர்ட் மெக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி நோயை ஆராய்வதில் தொடங்கி உணவாராய்ச்சிக்குள் வந்தவர். இந்தியாவின் பல பகுதி மக்களுடைய அன்றாட உணவை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்ச்சியை எடைபோட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவு கடைசியில் நின்றது. நம் சாப்பாட்டுப் பெருமைக்கு இது உவப்பான முடிவல்ல. ஆனால் பின்னால் வந்த பள்ளி உணவுக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் தயமின் என்னும் வைட்டமின் அதிகம் தங்குகிறது என்பதும் பெரிபெரி ஆராய்ச்சியில் தெளிவான உண்மை.

மெக்காரிசனுக்குப் பின் 1935-இல் குன்னூர் ஆய்வகப் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். எய்க்ராய்டு எலியிலிருந்து பிள்ளைகளிடம் வந்தார். விடுதிச் சிறுவர்களுக்கு வழக்கமான சோற்றுடன் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்தபோது உயரமும் எடையும் கூடின. சோயா அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. இந்திய உணவுப்பொருள்களின் சத்தளவை அட்டவணையாக்கி, சமச்சீர் உணவை எப்படித் திட்டமிடுவது என்று விளக்கும் 23-ஆம் எண் சுகாதார வெளியீடு 1937-இல் வந்தது. அரிசியைக் குறை, பருப்பு, கீரை, பால் சேர் என்பதே அதன் சாரம். ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அங்கிருந்து சி. கோபாலன் முதலியோர் வெளியிட்ட அட்டவணை, உணவுக் கணக்குப் போடுவோரின் கைநூலானது.

விரிவாக்கம்: 1956-இல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலத் திட்டமாக்கியது. கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் மக்களின் நன்கொடையைத் திரட்டினார். 1961 முதல் அமெரிக்காவின் கேர் அமைப்பு பால்பவுடரும் சமையல் எண்ணெயும் தானிய மாவும் அனுப்பியது. கப்பலில் வந்ததே பட்டியலைத் தீர்மானித்த காலம் அது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம். ஜி. ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமே கிராமமெங்கும் தினசரிச் சூடான சோற்றை உறுதிசெய்தது. 1984-இல் அது 15 வயது வரை நீண்டது.

அளவுகள்: உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று நாடு முழுவதற்குமான பள்ளி மதிய உணவுக்கு 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் என நிர்ணயித்தது. இன்றைய விதியில் தொடக்கப் பள்ளிக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 700 கலோரி, 20 கிராம். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். எல்லாம் சமைக்காத எடை. மேற்சொன்ன கோபாலன் அட்டவணைப்படி கூட்டினால் அரிசியில் 345, பருப்பில் 67, எண்ணெயில் 45, காயில் சுமார் 15 கலோரி வரும். ஆக, நான்கில் மூன்று பங்கை அரிசியே அடைத்துவிடுகிறது. குன்னூரில் கண்ட குறை தாளில் மறைந்து தட்டில் தங்கிவிட்டது. இரும்பு, வைட்டமின் ஏ ஆகியவற்றுக்குத் திட்ட வழிகாட்டுதல் எண் சொல்லாமல், போதிய அளவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

முட்டை: 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 1998-இல் வாரம் ஒன்றாகி, 2010-இல் வாரம் ஐந்து ஆனது. ஒரு முட்டையின் 6 கிராம் புரதம் தொடக்கப் பள்ளியின் ஒரு நாள் அளவில் பாதி. உண்ணாதவர்களுக்குத் தரும் வாழைப்பழம் கலோரிக்கு ஈடாகும், புரதத்துக்கு ஆகாது. சில மாநிலங்கள் முட்டையைத் தவிர்ப்பதற்குச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் ஊட்டவியல் சார்ந்தவை அல்ல.

பட்டியல்: 2013 வரை பெரும்பாலும் சோறும் சாம்பாரும்தான். அவ்வாண்டு சோதனையாகத் தொடங்கிய கலவை சாதப் பட்டியல் மாதத்தின் முதல், மூன்றாம் வாரங்களுக்கு ஒன்று, இரண்டாம், நான்காம் வாரங்களுக்கு ஒன்று என மாறி வரும்: காய்கறி பிரியாணி, தக்காளி சாதம், மிளகு முட்டை, வெங்காயத் தக்காளி மசாலா முட்டை எனச் சுவை கூடியது.   சத்துணவு மையத்தில் காலை வருகைக் கணக்கு வந்ததும் அமைப்பாளர் அரிசியை எடைபோட்டு இறக்குவார். வெந்ததை ஆசிரியர் உள்ளிட்ட பெரியவர்கள் ருசி பார்த்த பிறகே பந்தி.

இன்றைய நிலை: 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதன் பட்டியலில் உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் உண்டு.